வெண்ணெயா, எண்ணெயா? கேஜன், கிரியோல் சமையல் பிரியும் இடம்

"உணவகத்தில் கேஜன் உருளைக்கிழங்கு என்கிறார்கள், கடையில் கிரியோல் மசாலா என்று ஒரு புட்டி இருக்கிறது. இரண்டும் ஒன்றா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டுமே அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சமையல்கள். ஆனால் மிளகாய்த்தூளும் பூண்டுத்தூளும் கலந்த பொடியை முகர்ந்து பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சட்டிக்குள் பார்க்க வேண்டும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரியோல் சமையல், 1718இல் உருவான நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரத்தில் வளர்ந்தது. பிரெஞ்சு, ஸ்பானியக் குடும்பங்களின் அடுப்படியில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும்தான். அந்தச் சமையலின் பெருமையில் முதல் பங்கு அவர்களுக்கே சேர வேண்டும். கேஜன்களின் கதை வேறு. இன்றைய கனடாவின் அக்கேடியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்களை 1755இலிருந்து பிரிட்டிஷார் துரத்தியடித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் லூசியானாவின் சதுப்பு நிலங்களையும் புல்வெளிகளையும் வந்தடைந்தார்கள். நகரத்தில் வெண்ணெயும் தக்காளியும் தாராளமாகப் புழங்கின, நாட்டுப்புறத்தில் பன்றிக்கொழுப்பு. அதனால்தான் ஜம்பலாயா என்ற சோறு கிரியோல் வீட்டில் சிவப்பாகவும் கேஜன் வீட்டில் பழுப்பாகவும் இருக்கிறது. வீட்டுக்கு வீடு இது மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கம்போ என்ற குழம்புக்கு அடிப்படை 'ரூ'. கொழுப்பும் மாவும் கிட்டத்தட்ட சம எடை எடுத்து, கைவிடாமல் கிளறி வறுப்பது. தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ரூவில் தண்ணீர் இல்லாததால் சூடு அதற்கு மேல் ஏறுகிறது. சுமார் 140 டிகிரிக்கு மேல் மாவிலுள்ள புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வேகமாக வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த கடலை வாசனையையும் தருகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் விவரித்த வினை இது.

வெண்ணெயில் ரூ செய்தால் அதிக தூரம் போக முடியாது. அதிலுள்ள பால் புரதங்கள் முதலில் கருகிவிடும்; நெய் காய்ச்சும்போது அடியில் தங்கும் கசடு நொடியில் கறுப்பதைப் போல. ஆகவே பொன்னிறத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. பன்றிக்கொழுப்பிலோ எண்ணெயிலோ அந்தத் தடை இல்லை. பொறுமையாகக் கிளறினால் முக்கால் மணி நேரத்தில் மாவு செங்கல் நிறம் தாண்டி சாக்லேட் நிறத்துக்கு வந்துவிடும். ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். சரியான நிறம் வந்ததும் நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாயை அதன் தலையில் கொட்டுவார்கள். வெங்காயத்தில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். அது ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கி, வறுபடுவது அங்கேயே நிற்கிறது. எத்தனை அழகான கட்டுப்பாடு!

இதே மயார் வினையின் முதல் படிதான் நம் ரத்தத்திலும் நடக்கிறது. சர்க்கரை நோயாளிகள் எடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட குளுக்கோஸைத்தான் அளக்கிறது. அடுப்படி வேதியியலுக்கு ஆய்வு நிதி கேட்டால் அதை இரண்டாம் தரமாகப் பார்க்கும் மனப்பான்மை மாற வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

சரி, கறுத்த ரூவுக்கு ஒரு விலை உண்டு. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் அந்தச் சூட்டில் துண்டு துண்டாக உடைந்து டெக்ஸ்ட்ரின்களாகின்றன. உடைந்த சங்கிலிகளால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. ருசி ஏற ஏற, குழம்பைக் கெட்டியாக்கும் திறன் குறைகிறது. கம்போவில் அந்த வேலைக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆப்பிரிக்கர்களோடு வந்த வெண்டைக்காய். அதன் வழவழப்பு நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அவை எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி விரிந்து நிற்பதால் குழம்பு கெட்டியாகிறது. புளி சேர்த்தால் மின்னூட்டம் குறைந்து சங்கிலிகள் சுருண்டுவிடும். நம் வீடுகளில் வெண்டைக்காயில் புளித்தண்ணீர் தெளித்தால் வழவழப்பு அடங்குவது இதனால்தான். லூசியானாக்காரர்களுக்கோ கம்போவில் அந்த வழவழப்புதான் வேண்டும்.

இன்னொன்று ஃபிலே. சோக்டா பழங்குடியினர் சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடி. இதிலும் வழவழப்பான சர்க்கரைச் சங்கிலிகள்தான் வேலை செய்கின்றன. ஆனால் இதைக் கொதிக்கவிட்டால் குழம்பு நூல் நூலாக இழுக்கத் தொடங்கிவிடும். அதனால் அடுப்பை அணைத்த பிறகு கலக்குவார்கள். பல வீடுகளில் பொடியை மேசையில் வைத்துவிட்டு, அவரவர் கிண்ணத்தில் தூவிக்கொள்ள விட்டுவிடுவார்கள்.