அந்த ஒட்டுமீசையைப் பிடுங்காதீர்கள்

மேடை மேலாளர் வேலையில் எது வேண்டுமானாலும் தப்பாகப் போகும். விளக்கு எரியாது, ஒலிவாங்கி பேசாது, நடிப்பவர் படியில் தடுக்கி விழுவார். அதெல்லாம் பழகிவிட்டது. போன மாதம் நடந்ததற்கு மட்டும் என்னால் பழக முடியவில்லை.

இரண்டு லெஸ்பியன் பெண்கள், அதாவது பெண்களையே காதலிக்கும் பெண்கள், செய்யும் நகைச்சுவை நிகழ்ச்சி. ஒருவர் கோட்டும் ஒட்டுமீசையுமாக, ‘குடும்ப ஒழுங்கு ஆய்வாளர்’ என்று சொல்லிக்கொண்டு பார்வையாளர்களுக்கு நடுவே வருவார். தம்பதிகளிடம் போய், “உங்களுக்கு ஆண்களைப் பிடிக்கும் என்று எப்போது தெரிந்தது? வீட்டில் சொல்லிவிட்டீர்களா? டாக்டரைப் பார்த்தீர்களா?” என்று கேட்டு, பொறுப்பாகப் படிவத்தில் குறித்துக்கொள்வார். லெஸ்பியன் பெண்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுச் சலித்த கேள்விகள்தான், திசை மட்டும் மாறியிருக்கிறது. அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து அந்த ஆய்வாளரின் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்தப் பசையோடு தோலும் உரிந்து வரும். நாங்களே எண்ணெய் தடவி மெதுவாகத்தான் எடுப்போம். பக்கத்தில் இருந்தவர் அதைப் போனில் எடுத்தார். பதினோரு விநாடி வீடியோ. மறுநாள் காலைக்குள் அது அந்தப் பெண்ணின் அலுவலகம் வரை போய்விட்டது. தன்னைப் பற்றி அவர் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

மீசையை இழுத்தவரிடம் பேசினேன். “தமாஷ்தானே, அவங்களும் தமாஷ்தானே பண்றாங்க” என்றார். எனக்கு ஆத்திரம் மூட்டுவதே இந்தத் ‘தமாஷ்தானே’தான். சிரிக்க வைக்கிறார்கள் என்பதால் சும்மா செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். அந்த ‘டாக்டர்’ கேள்விக்கு முன்னால் வரும் மௌனத்துக்கே ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். மௌனம் கொஞ்சம் நீண்டால் மிரட்டல் போலத் தெரியும், குறைந்தால் வெறும் துணுக்கு ஆகிவிடும். கோபமாகக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் ஆள்கூட, சிரித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். அதற்காகத்தான் இந்தக் கலையில் நகைச்சுவை.

1997-ல் ஷாவ்னா டெம்ப்சி, லோரி மில்லன் என்ற கனடியக் கலைஞர்கள் பான்ஃப் தேசியப் பூங்காவில் வனக்காவலர் சீருடையில் உலாவினார்கள். துறையின் பெயர் ‘லெஸ்பியன் தேசியப் பூங்காக்கள் மற்றும் சேவைகள்’. அப்படி ஒரு துறையே கிடையாது. ஆனாலும் சீருடை கச்சிதம், பேச்சில் அத்தனை பணிவு, கையில் துண்டுப் பிரசுரம். அவர்களைப் பார்த்துச் சிரிப்பவருக்கு உள்ளே ஒரு கேள்வி விழுகிறது: இயற்கை என்றதும் நாம் ஏன் ஆண்–பெண் ஜோடியை மட்டும் நினைக்கிறோம், அதை நமக்குச் சொல்லிக்கொடுத்த சீருடை எது? ஒரு மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை ஒரு தொப்பி செய்துவிடுகிறது.

கிளிப் எடுப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம். 1975-ல் அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் செய்த ‘சமையலறையின் குறியியல்’ என்ற வீடியோ ஆறு நிமிடம் ஓடும். ஒரு பெண் அகர வரிசையில் சமையலறைப் பொருள்களைக் காட்டுவார். போகப் போகக் கை வீச்சில் கோபம் ஏறும். கரண்டியால் இல்லாத சூப்பை மொண்டு வெளியே வீசுவார். அதில் பத்து விநாடியை மட்டும் வெட்டினால் என்ன மிஞ்சும்? யாரோ ஒரு பெண் கரண்டியை ஆட்டுகிறார், அவ்வளவுதான்.

‘பார்வையாளர் தொட்டால் என்ன?’ என்று சிலர் உடனே நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச்சை உதாரணம் காட்டுவார்கள். 1974-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் 72 பொருள்களை மேசையில் வைத்து, ஆறு மணி நேரம் பார்வையாளர்கள் தன் மேல் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றார். அந்த அனுமதியை எழுதி வைத்தவர் அவரே. அப்படியும் துப்பாக்கியை அவரை நோக்கித் திருப்பும் அளவுக்குப் போனது. எங்கள் ஆய்வாளர் யாருக்கும் எந்த அனுமதியும் எழுதித் தரவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? நிகழ்த்துபவர் கையை நீட்டி அழைத்தால் மட்டும் போங்கள். அழைத்தாலும் வேண்டாம் என்று தலையாட்டலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். உடை, ஒப்பனை, மேடைப் பொருள் எதையும் தொடாதீர்கள். போனை அணைத்துப் பைக்குள் வையுங்கள். மேடைப் பெயரில் வருபவரின் சொந்தப் பெயர் தெரிந்தாலும் எங்கேயும் எழுதாதீர்கள். வெளியே வரும்போது வழிமறித்து “நீங்க நிஜமாவே லெஸ்பியனா?” என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லையா, எழுந்து போய்விடுங்கள். நாங்கள் தப்பாக நினைப்பதே இல்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு: தொடக்கத்திலேயே விதியைச் சொல்லுங்கள், நடைபாதையில் ஒருவரை நிறுத்துங்கள், எந்தப் பெயரைப் போடலாம் என்று கேட்டுவிட்டு விளம்பரம் அடியுங்கள். ஒரு புகார் வந்ததும் பயந்து ரத்து செய்யாதீர்கள். 1990-ல் கலைக்கு அரசுப் பணம் தரும் அமெரிக்காவின் தேசியக் கலை நிதியத்தில், நிபுணர் குழு பரிந்துரைத்த நான்கு கலைஞர்களுக்கு, எதிர்ப்பு கிளம்பியதால் உதவித்தொகை மறுக்கப்பட்டது. அவர்களில் ஹாலி ஹியூஸ் லெஸ்பியன் வாழ்க்கையை வைத்து நகைச்சுவை செய்தவர். நால்வரும் வழக்குப் போட்டார்கள், 1993-ல் சமரசமாகித் தொகை வந்தது. மூன்று வருடம் போய்விட்டது.

அந்தப் பதினோரு விநாடி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் போனுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். அனுப்பியவரையும் அழிக்கச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.