வயிறு பெருத்த மலைப்பாம்பெல்லாம் ஆட்டை விழுங்கியவை அல்ல

பங்குனி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டாவது மலைப்பாம்பு உடற்கூறாய்வுக்கு வந்துவிட்டது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையில் அடித்திருக்கிறார்கள். ஒன்பதடி நீளம். தலை நசுங்கி, விலா எலும்புகள் வரிசையாக ஒடிந்து கிடந்தன. "ஆட்டுக்குட்டியைக் காணோம் டாக்டர், வயிறு உப்பியிருந்துச்சு, அதுக்குள்ளதான் இருக்கும்" என்றார்கள்.

திறந்து பார்த்தேன். இரைப்பை காலி. ஆட்டு மயிர் ஒன்றுகூட இல்லை. இருந்தவை 23 முட்டைகள்.

இரை விழுங்கியிருந்தால் உடம்பின் நடுவே ஓரிடத்தில் புடைத்து நிற்கும். சினையாக இருந்தால் பின்பாதி நெடுக ஒரே சீராகப் பருத்திருக்கும். சினைப்பாம்பு பெரும்பாலும் இரையே எடுக்காது. முட்டையிட்ட பிறகும் அவற்றைச் சுற்றிப் படுத்து, தசைகளை நடுக்கிச் சூடேற்றி, இரண்டு மாதம் போலப் பட்டினி கிடந்து அடைகாக்கும்.

"மலையே இல்லாத ஊருக்கு மலைப்பாம்பு எப்படி வந்துச்சு? யாரோ கொண்டுவந்து விட்டிருக்காங்க" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். யாரும் கொண்டுவந்து விடவில்லை. பெயரில் மலை இருப்பதால் அது மலையில் மட்டும் வாழ வேண்டும் என்றில்லை. அதற்கு வேண்டியது தண்ணீர், புதர், பதுங்க ஒரு வளை. நன்றாக நீந்தும். கண்மாய், ஊருணி, கரையோரக் கருவேலம், முள்ளம்பன்றி விட்டுப்போன வளை, எல்லாம் இங்கேயே இருக்கின்றன. எலியும் முயலும் இருக்கின்றன. அப்புறம் மலை எதற்கு?

நஞ்சில்லாத பாம்புதான். அதற்காகக் கையில் தூக்காதீர்கள். பின்னோக்கி வளைந்த பற்கள், கவ்வினால் சதை கிழியும். சின்னதாக இருந்தால் இன்னும் ஆபத்து. மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைத் தூக்கிக் கடிபட்டவர்கள் உண்டு.

சட்டமும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும், புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் மலைப்பாம்பும் இருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் ஆட்டுக்குட்டிகளைக் கொட்டகையில் அடையுங்கள். கதவுக்குக் கீழே சந்து இருந்தால் அடைத்துவிடுங்கள். பாம்பைப் பார்த்தால் விலகி நின்று வனத்துறைக்கோ தீயணைப்புத் துறையின் 101க்கோ சொல்லுங்கள். உண்மையிலேயே இரை விழுங்கிய பாம்பாக இருந்தாலும் அடிக்காதீர்கள். அடித்தால் உள்ளே போன குட்டி உயிரோடு வராது. ஆட்கள் வரும்வரை கம்பை மட்டும் கீழே போட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.