பெரிய ஓட்டையில் சின்ன வைரஸ் எப்படிச் சிக்குகிறது?

"மாஸ்க்கில் இருக்கிற ஓட்டை வைரஸைவிடப் பெரியதாமே, பிறகு அதைப் போட்டு என்ன பயன்?" திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பள்ளி ஆசிரியை. வகுப்பில் ஒரு மாணவன் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். கொரோனாக் காலத்தில் இதே கேள்வி, கொசுவைத் தடுக்க முள்வேலி போடுவதுபோல என்ற உவமையோடு, வாட்ஸ்அப்பில் எனக்கும் பலமுறை வந்தது. அந்த மாணவனைப் பாராட்ட வேண்டும். அவன் சொல்லும் அளவுகள் சரியானவை. கொரோனா வைரஸின் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). என்-95 முகக்கவசத்தின் வடிகட்டும் அடுக்கில் இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் அதைவிடப் பல மடங்கு அகலமானவை. வைரஸ் தனியாக வராமல் எச்சில் துளியில் உப்பு, புரதத்தோடு சேர்ந்து வருகிறது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தத் துளிகளில் பலவும் சந்துக்குள் தாராளமாக நுழையும் அளவில்தான் இருக்கின்றன.

தவறு அளவில் இல்லை. முகக்கவசத்தை மாவு சலிக்கும் சல்லடையாக நினைப்பதில் இருக்கிறது.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 985 தூண்கள். எந்த இரண்டு தூண்களுக்கு நடுவிலும் யானைகூடப் போகலாம். ஆனால் ஒரு குழந்தையின் கண்ணைக் கட்டி, அங்குமிங்கும் ஓடவிட்டு, மறுபக்கம் வந்து சேரச் சொன்னால்? ஏதாவது ஒரு தூணில் முட்டாமல் வராது. இப்போது தூண்களில் எல்லாம் பசை தடவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டிய இடத்திலேயே குழந்தை ஒட்டிக்கொள்ளும்.

மிகச் சிறிய துகள்கள் அந்தக் குழந்தையைப் போன்றவை. காற்று மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் இடித்துக்கொண்டே இருப்பதால் அவற்றால் நேராகப் போக முடியாது. பள்ளியில் படித்த பிரௌனியன் இயக்கம் இதுதான். துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு தள்ளாட்டம், அவ்வளவுக்கு இழையில் மோதும் வாய்ப்பு. பெரிய துகள்களின் கதை வேறு. மலைப்பாதை வளைவில் பேருந்து திரும்பும்போது நிற்கிறவர்கள் ஒருபக்கம் சாய்வதுபோல, காற்று இழையைச் சுற்றி வளையும்போது கனமான துகளால் வளைய முடிவதில்லை. நேரே போய் இழையில் இடிக்கிறது. பசை வேலையை, மிக நெருங்கிய பொருள்களுக்கு நடுவே தோன்றும் மெல்லிய ஈர்ப்பான வான்டர்வால்ஸ் விசை பார்த்துக்கொள்கிறது. சுவரில் பல்லியைப் பிடித்து வைத்திருப்பதும் அதே விசைதான்.

சிறியது தள்ளாடிச் சிக்குகிறது, பெரியது திரும்ப முடியாமல் சிக்குகிறது. தப்பிப்பது இரண்டுக்கும் நடுவில் இருப்பது. தள்ளாடும் அளவுக்கு இலேசும் இல்லை, காற்றோடு வளைய முடியாத அளவுக்குக் கனமும் இல்லை. தூண்களைச் சுற்றி நிதானமாக நடந்து வெளியேறிவிடும். சாதாரண இழை வடிகட்டியில் அந்த அளவு ஏறக்குறைய 0.3 மைக்ரான். என்-95 என்பதில் உள்ள 95, சோதனையில் ஏறக்குறைய இந்த அளவுத் துகள்களிலேயே குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. "0.3 மைக்ரானுக்கு மேல்தான் பிடிக்குமாம், வைரஸ் 0.1தானே" என்று பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். 0.3 என்பது அதற்குக் கீழே எதுவும் சிக்காது என்ற எல்லை அல்ல; அதைவிடச் சிறியவையும் தள்ளாடிச் சிக்குகின்றன.

அந்த நடுத்தரத் துகளை எப்படிப் பிடிக்கிறார்கள்? எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பகுதி இது.

தூண்களை இன்னும் நெருக்கி வைத்தால் பிடிக்கலாம். ஆனால் மூச்சு முட்டும். தூண்களை அப்படியே விட்டுவிட்டு, துகளைத் தூணே தன் பக்கம் இழுக்கும்படி செய்ய வேண்டும். எண்ணெய் இல்லாத தலையில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்கின் பக்கம் கொண்டுபோனால் துணுக்கு தாவி ஒட்டும். இருவகை மின்னூட்டமும் சமமாக இருப்பதால் காகிதத்துக்கு மொத்தத்தில் மின்னூட்டம் கிடையாது. சீப்பின் மின்னூட்டம் காகிதத்துக்குள் இருக்கும் மின்னூட்டங்களைச் சற்றே இடம்பெயர்க்கிறது. சீப்பின் மின்னூட்டத்துக்கு நேர்மாறானது சீப்பின் பக்கம், அதை ஒத்தது மறுபக்கம். பக்கத்தில் இருப்பதன் மீதான இழுப்பு, தள்ளி இருப்பதன் மீதான விலக்கலைவிட வலிமையானது. அதனால் துணுக்கு நகர்கிறது. என்-95இன் ஒவ்வோர் இழையும் இப்படி ஒரு சீப்பு. எச்சில் துளி மின்னூட்டம் இல்லாமல் வந்தாலும் சரி, இழுக்கப்படும்.

சீப்பின் மின்னூட்டம் சில நிமிடங்களில் போய்விடும். இழையில் பல ஆண்டுகள் நிற்கிறது. காந்தத்தில் காந்தத்தன்மை தங்குவதுபோல மின்னூட்டம் தங்கிவிடும் பொருளுக்கு எலெக்ட்ரெட் என்று பெயர். இங்கே அந்தப் பொருள் பாலிபுரொப்பிலீன், அரிசிச் சாக்கு நெய்யும் அதே பிளாஸ்டிக். அதை உருக்கி, இடியாப்ப அச்சில் மாவைப் பிழிவதுபோல நுண்ணிய துளைகள் வழியே பிழிகிறார்கள். பிழியும்போதே இருபுறமிருந்தும் சூடான காற்று வேகமாக வீசி, இழையை ஓரிரு மைக்ரான் தடிமனுக்கு இழுத்து நீட்டிவிடுகிறது. பஞ்சுமிட்டாய்போலத் தாறுமாறாகப் படியும் அந்த இழைப்படலத்தை உயர் மின்னழுத்தம் உள்ள கம்பிக்கு அருகே கொண்டுபோய் மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய் 1990களில் செம்மைப்படுத்திய முறை இது. அதே சந்து, அதே மூச்சு எளிமை, வடிகட்டும் திறன் மட்டும் ஏறக்குறைய பத்து மடங்கு. கம்பியைச் சுற்றி அப்போது தோன்றும் மின்னிறக்கத்துக்குப் பெயர் கொரோனா. மகுடம் என்று பொருள்படும் அதே இலத்தீன் சொல்லிலிருந்துதான் வைரஸும் பெயர் பெற்றது.

முகக்கவசத்தின் பலம் சந்தின் அளவில் இல்லை, இழையின் மின்னூட்டத்தில் இருக்கிறது என்று புரிந்துவிட்டால், நாம் முகக்கவசத்தைக் கையாண்ட விதம் வேறு மாதிரித் தெரியும். 2021இல் எங்கள் தெருவில் கொடிக்குக் கொடி என்-95 தொங்கியது. என் அம்மாவும் சோப்புத்தூளில் ஊறவைத்து, அலசி, கிளிப் போட்டு வெயிலில் உலர்த்தினார். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறைதான். வேறு சிலர் சானிடைசரைத் தெளித்துக்கொண்டார்கள். சோப்பு அந்த மின்னூட்டத்தைக் கரைக்கும், ஆல்கஹால் இன்னும் மோசமாகக் கரைக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. துணி அதே வெள்ளை, அதே வடிவம். பீட்டர் சாய் ஓய்விலிருந்து திரும்பி வந்து 2020இல் சொன்ன யோசனை எளிமையானது: சில முகக்கவசங்களை வைத்துக்கொண்டு, ஒன்றைப் போட்டபின் பல நாள் காற்றாட விட்டு முறைவைத்து மாற்றுங்கள். இது என் அம்மாவின் காதுக்கு எட்டவில்லை. 'முகக்கவசம் அணியாவிட்டால் அபராதம்' என்ற அறிவிப்பு எட்டியது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

நம் அறிவும் பயமும் வேறு இடத்தில் குவிந்திருந்தன. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் 'கோவிட் காற்றில் பரவுவதில்லை' என்று அழுத்தமாகப் பதிவிட்டது. அந்த ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். சில நாளிலேயே அப்படிப்பட்ட சுரங்கங்கள் வேண்டாம் என்று தமிழகப் பொது சுகாதாரத் துறை சொல்ல வேண்டியதாயிற்று. வாசலில் மஞ்சள் தண்ணீர், நிலைப்படியில் வேப்பிலை. அம்மை நோயோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் நினைவு அது, அதை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் வேப்பிலை கட்டிய வாசலுக்கு உள்ளே, சன்னல் சாத்திய கூடத்தில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு மணிக்கணக்கில் பேசினோமே, ஆபத்து அங்கே இருந்தது. சும்மா மூச்சுவிடுவதைவிடப் பேசும்போது துளிகள் அதிகம் வெளிவரும். நாம் முகக்கவசத்தை இறக்கியதும் பேசும்போதுதான்.

பழக்கத்தை மாற்ற முடியுமா என்பதை வங்கதேசத்தில் உண்மையாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2020 நவம்பர் முதல் 600 கிராமங்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள். குறுஞ்செய்தி பயன்படவில்லை, பரிசும் பயன்படவில்லை. இலவசமாகக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் தாங்களே அணிந்து காட்டி, சந்தையிலும் மசூதி வாசலிலும் ஓர் ஆள் நின்று "போட்டுக்கொள்ளுங்கள்" என்று நினைவூட்டியபோது, சரியாக அணிகிறவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். சர்ஜிகல் முகக்கவசம் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு இரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று 60 வயதைக் கடந்தவர்களிடம் சுமார் 35 சதவீதம் குறைந்தது. அந்த முகக்கவசங்களின் துணி சோதனைக்கூடத்தில் 95 சதவீதம் வடிகட்டியது. சோப்பும் தண்ணீரும் கொண்டு பத்து முறை துவைத்தபின் 76 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். நுழைகிற பக்கமிருந்து பாருங்கள்: 5 நுழைந்த இடத்தில் இப்போது 24. ஆனாலும் அவர்கள் கொடுத்த துணி முகக்கவசம் 37 சதவீதம்தான் வடிகட்டியது. என்-95 கிடைக்காத ஏழை வீட்டில், துவைத்த சர்ஜிகல் முகக்கவசம் புதிய துணி முகக்கவசத்தைவிட மேல் என்று தைரியமாகச் சொல்லலாம். இப்படியொரு பதிலைத் தரும் ஆய்வை நம் கிராமங்களில் அந்த அளவில் யாரும் செய்யவில்லை. 2020-21இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்குச் செலவிட்ட நாட்டில் இது வியப்பில்லை. தடுப்பூசி ஆய்வுக்கு ஒதுக்குவதில் சிறு பங்கையாவது, மனிதர்கள் எதைக் கேட்டுப் பழக்கத்தை மாற்றுகிறார்கள் என்ற ஆய்வுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படித்தவர்களுக்கு மட்டும் முகக்கவசப் பழக்கம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1910 டிசம்பரில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-டே இது மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டு, பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அணியச் சொன்னார். தன்னைவிட அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்கவில்லை. முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் பிளேக்கில் இறந்தார். அதன் பிறகுதான் அங்குள்ள ஹார்பின் நகரத்தில் எல்லோரும் முகம் மூடினார்கள்.

ஆசிரியை இன்னொன்றும் கேட்டிருந்தார்: நம் முகத்துக்கு முகக்கவசம் சரியாகப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காற்று எளிய வழியைத்தான் தேடும். மூக்கோரம் ஒரு இடைவெளி இருந்தால் மண்டபத்துக்குள் போகாமல் அந்தப் பக்கமாகப் போய்விடும். மூக்குக்கண்ணாடி பனிப்பது அதன் அடையாளம். மருத்துவமனை ஊழியர்களுக்குச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. என்-95 அணிந்தவரின் தலைமேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கரைசலைப் பனிபோலத் தெளிப்பார்கள். தலையை இடமும் வலமும் திருப்பி, குனிந்து நிமிர்ந்து, வாய்விட்டுப் பேசச் சொல்வார்கள். நாக்கில் இனிப்புத் தட்டினால் முகக்கவசத்தைச் சரிசெய்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் இனித்தால் வேறு அளவு.