பத்தாயிரம் எண்களும் ஒரு காவலாளியும்

கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் 2015 டிசம்பர் 2 அன்று ஒரு தம்பதி நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். அன்றே அந்த இருவரும் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கணவன் வைத்திருந்த ஐஃபோன் 5சி ஒன்று எஃப்.பி.ஐ.யின் கைக்கு வந்து சேர்ந்தது. அவன் வேலை பார்த்த மாவட்ட நிர்வாகம் கொடுத்த ஃபோன் அது. சோதனையிட நிர்வாகம் சம்மதித்துவிட்டது. நீதிமன்ற அனுமதியும் இருந்தது. இருந்தும் உள்ளே போக முடியவில்லை. நான்கு இலக்கக் கடவெண் ஒன்று வழியை மறித்தது.

நான்கு இலக்கம் என்றால் 0000 முதல் 9999 வரை மொத்தம் பத்தாயிரம் எண்கள்தான். பொறுமையுள்ள ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாலே சில நாட்களில் முடிந்துவிடும். பிறகு எஃப்.பி.ஐ. ஏன் இரண்டு மாதத்துக்கு மேல் தவித்தது? அரசு நினைத்தால் ஒருவருடைய ரகசியத்தைத் திறந்துவிட முடியுமா என்ற பெரிய கேள்விக்கான விடை இந்தச் சின்னக் கேள்விக்குள் இருக்கிறது.

ஃபோனுக்குள் இருக்கும் படங்களும் செய்திகளும் ஏ.இ.எஸ். என்னும் முறையில் உருத்தெரியாமல் குலைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் மறையாக்கம் அல்லது என்கிரிப்ஷன் என்கிறோம். அவற்றை மீண்டும் படிக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி ஓர் எண். பிட் என்பது 0 அல்லது 1. அந்த எண் 256 பிட் நீளம் கொண்டது. அது எந்தெந்த எண்ணாக இருக்கலாம் என்று கணக்கிட்டால், வாய்ப்புகளின் எண்ணிக்கையே 78 இலக்கத்துக்கு நீளும். உலகத்தின் கணினிகளையெல்லாம் சேர்த்து ஓட்டினாலும் சூரியன் அணைவதற்குள் அத்தனையையும் முயன்று பார்க்க முடியாது. இந்தக் கணிதத்தை நேருக்கு நேர் உடைத்த அரசு எதுவும் இருப்பதாக வெளியுலகம் இன்றுவரை அறியவில்லை.

அவ்வளவு நீளமான எண்ணை நாம் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. நான்கு இலக்கத்தை மட்டும் அழுத்துகிறோம். ஃபோன் அதனோடு இன்னொரு ரகசிய எண்ணைக் கலந்து சாவியை உருவாக்குகிறது. இந்த இரண்டாவது எண் தயாரிப்பின்போதே சிப்பில் பொறிக்கப்படுகிறது. ஃபோனுக்கு ஃபோன் வேறுபடும். மென்பொருளால் அதை வாசிக்க முடியாது, கணக்கில் சேர்க்க மட்டுமே முடியும். அதன் பிரதி தன்னிடமும் இல்லை என்கிறது ஆப்பிள். ஆகவே நினைவகத்தைக் கழற்றிச் சூப்பர் கணினியிடம் ஒப்படைத்துப் பயனில்லை. முயல்வதென்றால் அந்த ஃபோனிலேயேதான் முயல வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் சுமார் 80 மில்லி விநாடி ஆகும்படி அந்தக் கணக்கை வேண்டுமென்றே கடினமாக்கியும் வைத்திருக்கிறார்கள்.

பத்தாயிரத்தை 80 மில்லி விநாடியால் பெருக்கிப் பாருங்கள். 800 விநாடி. கால் மணி நேரம்கூட இல்லை.

அந்தக் கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் காவலாளி நிற்கிறான். தவறான எண்ணை அடுத்தடுத்து அழுத்தினால், இயங்குதளம் முதலில் ஒரு நிமிடம் காக்க வைக்கும். பிறகு ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று நீட்டிக்கொண்டே போகும். பத்து முறை தவறினால் சாவியையே அழித்துவிடும் வசதியும் உண்டு. தரவுகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதே இல்லை. சாவி போய்விட்டால் எஞ்சியதெல்லாம் பொருளற்ற எண்குவியல். அந்த வசதி அந்த ஃபோனில் செயலில் இருக்கக்கூடும் என்றுதான் எஃப்.பி.ஐ. அஞ்சியது.

2016 பிப்ரவரி 16 அன்று வந்த நீதிமன்ற உத்தரவை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். 1789ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் பிறப்பிக்கப்பட்ட அந்த உத்தரவு, மறையாக்கத்தை உடைக்கும்படி ஆப்பிளிடம் சொல்லவே இல்லை. பத்து தவறுக்குப் பின் அழிக்காத, இடையில் காக்க வைக்காத, எண்களைக் கம்பி வழியாக வேகமாகச் செலுத்த இடம்கொடுக்கிற புதிய இயங்குதளத்தை எழுதித் தரச் சொன்னது. பூட்டு அப்படியே இருக்கட்டும், காவலாளியை மட்டும் விலக்கிக் கொடுங்கள் என்பதே கோரிக்கை.

எஃப்.பி.ஐ.யிடம் திறமையான மென்பொருளாளர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் ஆப்பிளின் மின்கையொப்பம் இல்லாத இயங்குதளத்தை ஐஃபோன் ஏற்காது. அந்தக் கையொப்பத்தை இடுவதற்கான சாவி ஆப்பிளிடம் மட்டுமே இருக்கிறது. உண்மையில் அரசு கேட்டது அந்தக் கையொப்பத்தைத்தான். கோடிக்கணக்கான ஃபோன்கள் புதுப்பிப்புகளை நம்பி ஏற்பதும் அதே கையொப்பத்தைப் பார்த்துத்தான். இந்த வழக்கில் என்னை மிகவும் கலங்கவைத்த இடம் இது. ஒரு ஃபோனுக்காக இட்ட பொய்க் கையொப்பம் அந்த நம்பிக்கை முழுவதையும் அரித்துவிடும். ஆப்பிள் மறுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

மார்ச் 28 அன்று, வெளியார் ஒருவரின் உதவியோடு ஃபோனைத் திறந்துவிட்டதாகச் சொல்லி அரசு வழக்கைக் கைவிட்டது. ஆப்பிளின் உதவி இல்லாமலே உள்ளே போக வழி இருந்தது என்பதற்கு வேறொரு சான்றும் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் செர்கெய் ஸ்கோரோபொகடோவ் அதே ரக ஃபோனின் நினைவகச் சிப்பைக் கழற்றி நகலெடுத்தார். தவறுகளின் எண்ணிக்கை அந்தச் சிப்பில்தான் பதிவாகிறது. சில முயற்சிகளுக்கு ஒருமுறை பழைய நகலைத் திரும்பப் பதித்ததும், காவலாளி எண்ணிக்கையை மறந்துபோனான்.

கையில் ஃபோன் இருந்தால் இப்படி ஏதாவது செய்யலாம். காற்றில் பறக்கும் வாட்ஸ்அப் செய்தியை என்ன செய்வது? சாவி வேண்டும். அந்தச் சாவி நிறுவனத்திடமே இல்லாதபடி அமைப்பதற்கான அடிப்படையை 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்டார்கள். காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. கயலும் மாறனும் 3, 17 என்ற இரண்டு எண்களை ஊரறியத் தேர்ந்தெடுக்கிறார்கள். கயல் மனத்துக்குள் 4 என்று நினைத்துக்கொள்கிறாள். 3-இன் நான்காம் அடுக்கு 81. 17-ஆல் வகுத்தால் மீதி 13. இந்த 13-ஐ மாறனுக்கு அனுப்புகிறாள். மாறன் நினைத்த எண் 6. 3-இன் ஆறாம் அடுக்கு 729, மீதி 15. அதை அவன் கயலுக்கு அனுப்புகிறான். கயல் 15-ஐ நான்காம் அடுக்குக்கு உயர்த்தி 17-ஆல் வகுக்கிறாள். மாறன் 13-ஐ ஆறாம் அடுக்குக்கு உயர்த்தி வகுக்கிறான். இருவருக்கும் மீதி 16. அதுதான் பொதுச் சாவி. நடுவில் இருந்தவர் பார்த்தது 13-ஐயும் 15-ஐயும் மட்டுமே. 16 எந்தக் கம்பியிலும் பயணிக்கவில்லை. எண்கள் சின்னவை என்பதால் இங்கே ஊகித்துவிடலாம். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கு வளரும்போது மீதியிலிருந்து அடுக்கைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழி தெரியவில்லை. வாட்ஸ்அப் பயன்படுத்துவது இதே யோசனையை வளைகோடுகளின் மீது செயல்படுத்தும் முறை.

எனவே நீதிமன்றம் ஆணையிட்டாலும் செய்தியின் உள்ளடக்கத்தைக் கொடுக்க நிறுவனத்திடம் ஒன்றும் இருக்காது. கொடுக்கும்படி செய்ய வேண்டுமானால் அமைப்பையே முன்கூட்டி மாற்றச் சொல்ல வேண்டும். அமெரிக்கா அதையும் செய்து பார்த்தது. 1990களில் வெளிநாடுகளுக்குப் போகும் மென்பொருள்களில் சாவிகள் பலவீனமாகவே இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது, ஆர்.எஸ்.ஏ. என்னும் வேறு வகை மறையாக்க முறையில் உச்சவரம்பு 512 பிட். ஏ.இ.எஸ். சாவியைவிட மிக நீளமாக இருந்தால்தான் ஆர்.எஸ்.ஏ. சாவி வலுவானது. பிற்பாடு கட்டுப்பாடு தளர்ந்தது, ஆனால் அந்தப் பழைய நிரல் சர்வர்களிலும் உலாவிகளிலும் தங்கிவிட்டது. 2015இல் ஆய்வாளர்கள் அதைத் தூண்டி எழுப்பிக் காட்டினார்கள். வாடகைக் கணினிகளில் சில மணி நேரத்தில், சுமார் 100 டாலர் செலவில் 512 பிட் சாவி உடைந்தது. அந்தக் குறை இருந்த தளங்களில் வெள்ளை மாளிகையின் தளமும் ஒன்று. கிரீஸில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் காலத்தில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி இணைப்பக மென்பொருளில் வைக்கப்பட்டிருந்த வசதியை யாரோ கள்ளத்தனமாக இயக்கி, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் பேச்சை மாதக்கணக்கில் கேட்டார்கள். கொல்லைப்புற வாசலைத் திறந்து வைத்துவிட்டு, போலீஸ்காரர் மட்டும் வரலாம் என்று கணிதத்திடம் சொல்ல முடியாது.

அதற்காக அரசின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு வந்த மூதாட்டி ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று ஐயுற்று ஊர்மக்கள் அடித்துக் கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் காரணம். அதை முதலில் அனுப்பியது யார் என்று கேட்க அந்தக் குடும்பத்துக்கு எல்லா உரிமையும் உண்டு.

அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனுக்கள், சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கோரின. வழக்கு மெல்ல, செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி 2019இல் ஒரு வழி சொன்னார். முதலில் அனுப்பியவரின் அடையாளத்தை மறையாக்கம் செய்து ஒவ்வொரு செய்தியோடும் ஒட்டிவிடலாம். நீதிமன்றம் கேட்டால் நிறுவனம் அதை மட்டும் திறந்து தரலாம். ஐ.ஐ.டி. பம்பாயின் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்து எழுதினார். என் தயக்கம் எளிமையானது. வேறெங்கோ பார்த்த வதந்தியை நகலெடுத்து, நல்லெண்ணத்தோடு உறவினர் குழுவில் ஒட்டும் அத்தையும் அந்தக் கணக்கில் 'முதலில் அனுப்பியவர்' ஆகிவிடுவார். உண்மையில் கிளப்பிவிட்டவன் மாற்றி எழுதிய செயலியையோ வெளிநாட்டு எண்ணையோ பயன்படுத்தித் தப்பிவிடலாம்.

வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள் முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொன்னதும், வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே வெளியேற நேரும் என்று 2024இல் அங்கே சொன்னது.

வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதே செயலிக்குள் இரண்டு சிறிய மாற்றங்கள் வந்தன. 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அந்த வரம்பு ஒன்றாகச் சுருங்கியது. அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. செய்தி எத்தனை முறை கைமாறியது என்ற எண், மறையாக்கத்துக்கு உள்ளேயே செய்தியோடு பயணிக்கிறது. ஃபோன் அதைப் படித்து, வரம்பு தாண்டியதும் மறுக்கிறது. கொலைக்குக் காரணமானவரை அது காட்டிக்கொடுக்காது. ஆனால் ஒரு மாலைக்குள் மாவட்டம் முழுக்கப் பரவும் வதந்தியின் வேகத்தைக் குறைக்கிறது, யாருடைய செய்தியையும் யாரும் படிக்காமலே.