சிறப்புக் குழந்தையின் கல்விக்காக வழக்கு: வக்கீல் ஃபீஸ் யார் கொடுப்பது?

காவிரிப் படுகையில் பள்ளிக்கூடம் திறப்பதும் குறுவைக்கு நாற்று விடுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வருகின்றன. கையில் இருந்த பணம் உழவுக்கும் விதைக்கும் போய்விட்ட அந்த ஜூன் மாதத்தில், "உங்கள் பிள்ளையை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று ஒரு பள்ளி சொல்லிவிட்டால், பெற்றோரின் மனதில் முதலில் ஓடுவது வக்கீல் ஃபீஸ் கணக்குதான். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த உடனேயே பின்வாங்கிவிட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் கல்வி உரிமைக்காக நடக்கும் வழக்கில் வழக்கறிஞர் செலவை அரசே ஏற்கும் ஏற்பாடு இருக்கிறது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

முதலில் உரிமை எதுவென்று பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடு காட்டாமல் இக்குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. ஆகவே அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இதிலிருந்து தப்ப முடியாது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 31ஆவது பிரிவு தருகிறது. சேர்க்கை மறுப்பு, தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைக்காமை, சாய்தளமோ கழிப்பறையோ இல்லாமை, பாதியில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவது ஆகியவையே பெரும்பாலும் தகராறாக முளைக்கின்றன.

இனி செலவு. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987, தன் 12ஆவது பிரிவில் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களை வகைப்படுத்துகிறது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான உச்சவரம்பு கிடையாது. குழந்தை என்பதாலும் மாற்றுத்திறனாளி என்பதாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. மனுவில் கையெழுத்திடும் தாய்க்குப் பெண் என்ற முறையிலும் உண்டு. ஆகவே "வருமானச் சான்று கொண்டு வாருங்கள்" என்று யாராவது திருப்பி அனுப்பினால், 12ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி, குழந்தையின் பெயரில்தான் விண்ணப்பம் என்று பணிவாக எடுத்துச் சொல்லலாம். வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்லாமல், நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைச் செலவு, தட்டச்சு, நகல், மொழிபெயர்ப்பு ஆகியவையும் இந்த உதவியில் அடங்கும்.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் இருப்பவர்கள் அங்குள்ள நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகினால் போதும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம். குழந்தையின் மருத்துவச் சான்று அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID), ஆதார், நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்லும் ஒரு பக்க மனு ஆகியவற்றைக் கொண்டு போனால் வேலை விரைவாக நடக்கும்.

அந்த ஒரு பக்க மனுவில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு தாய் மஞ்சப்பை நிறையக் காகிதங்களோடு என்னிடம் வந்தார். பிறந்த நாள் முதல் எடுத்த மருத்துவச் சீட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அவருடைய ஆட்டிச மகனைச் சேர்க்க மாட்டோம் என்று பள்ளி சொன்னதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, ஏனென்றால் "வேறு இடம் பாருங்கம்மா" என்று வாசலில் வைத்து வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு நாங்கள் செய்தது இவ்வளவுதான்: சேர்க்கை கேட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம், எந்தத் தேதியில், யார், என்ன சொன்னார்கள் என்பதை அதில் குறித்தோம், எழுத்து மூலம் பதில் வேண்டும் என்று கேட்டு, மறுநாள் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினோம். பதில் வந்தால் அதுவே சான்று. வராவிட்டால் தபால் ரசீதும் நகலும் சான்று. அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் காரணம் கேட்கலாம்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

எல்லாத் தகராறும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், திங்கட்கிழமை நடக்கும் ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அடுத்த படி, சென்னையிலுள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவரிடம் புகார் அளிக்க வழக்கறிஞர் தேவையில்லை. பள்ளி நிர்வாகத்தை அழைத்து விசாரிக்கவும், ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் ஒரு பரிந்துரை அளித்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். இருந்தாலும் அது பரிந்துரைதான், தீர்ப்பு ஆகாது என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 89ஆவது பிரிவு இடம் தருகிறது.

அப்போதும் தீராவிட்டால் உயர் நீதிமன்றத்தில், உரிமையை நிலைநாட்ட உத்தரவிடும்படி கோரும் ரிட் மனு தாக்கல் செய்யலாம். இங்கே டெல்டாக்காரர்கள் குழம்புகிற ஒரு விஷயம் உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னைக்கு உட்பட்டவை. அதனால் கும்பகோணத்துக்காரர் மதுரைக்கும், பக்கத்திலேயே இருக்கும் குடவாசல்காரர் சென்னைக்கும் போக நேர்கிறது. இரண்டு இடங்களிலும் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இருக்கிறது. உள்ளூர் ஆணைக்குழுவிடமே இதற்கு வழி கேட்டுக்கொள்ளலாம்.

"ஜெயித்தால் ஃபீஸைப் பள்ளியே கொடுக்குமாமே" என்று அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொன்னதை நம்பி, கடன் வாங்கித் தனி வழக்கறிஞர் வைத்த ஒருவரையும் அறிவேன். அது அந்த நாட்டுச் சட்டம். சிறப்புக் கல்வி வழக்கில் பெற்றோர் வென்றால் நியாயமான வழக்கறிஞர் கட்டணத்தைப் பள்ளி நிர்வாகத்திடமிருந்து பெற்றுத்தர நீதிமன்றத்துக்கு அங்கே 1986 முதல் அதிகாரம் உண்டு; அங்கும்கூட நிபுணர்களுக்குக் கொடுத்த கட்டணம் அதில் சேராது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்துவிட்டது. நமது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. வழக்குச் செலவுத் தொகை வழங்குவது இங்கே நீதிமன்றத்தின் விருப்புரிமை; கொடுத்த ஃபீஸ் முழுவதும் திரும்பி வரும் என்று எண்ணி நகையை அடகு வைக்கக் கூடாது. தனி வழக்கறிஞர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதை வக்காலத்தில் கையெழுத்திடும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்ட உதவியில் நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு ஆணைக்குழுவே கட்டணம் தருகிறது. கட்சிக்காரரிடம் அவர் பணம் கேட்கக் கூடாது. கேட்டாலோ, விசாரணை நாளில் வராமல் இருந்தாலோ, ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். அவர் ஒரு நீதிபதி. வேறு வழக்கறிஞரை நியமிக்கும்படியும் அந்த மனுவிலேயே கேட்கலாம். அந்த மனுவுக்கும் ஒரு நகல் எடுத்து, தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.