அத்துமீறல்: பாதிதான் தமிழ்

நிலவழக்கு நடத்தும் எவர் வாயிலும் வருகிற சொல் அத்துமீறல். அசல் தமிழ்ச் சொல் போலவே காதில் விழும். ஆனால் 'மீறல்' மட்டும்தான் நம்முடையது. 'அத்து' என்பது எல்லை, வரையறை என்று பொருள்படும் 'ஹத்' என்ற அரபுச் சொல். உருது வழியாக நம்மிடம் வந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'ஹத்து' என்றால் இன்றும் எல்லைதான். தமிழ் நாக்கு முன்னால் இருந்த ஹகரத்தை உதிர்த்துவிட்டது. 'மரத்தை' என்பதில் வரும் அத்துச் சாரியைக்கும், 'அத்துப்போச்சு' என்று பேச்சில் வரும் 'அற்று'க்கும் இதனோடு உறவில்லை.

சர்வேயர் வந்து நிலத்தை 'அளந்து அத்துக் காட்ட' வேண்டும் என்று மனு எழுதுகிறோமே, அங்கே இந்தச் சொல் தனியாகவே வாழ்கிறது. எங்கள் கோவைப் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் 'செக்குபந்தி'யும் இப்படி வந்ததே. 1799-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போகும்வரை கோவைச் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஹைதர், திப்பு காலத்து வருவாய்க் கணக்கில் பாரசீகச் சொற்கள் தாராளமாகப் புழங்கின.

தமிழில் எப்படிச் சொல்வது? 'எல்லை மீறல்' எதற்கும் பொருந்தும். நிலத்துக்கு 'வரம்பு மீறல்' இன்னும் பொருத்தம். வரம்பும் வரப்பும் ஒன்றுதானே! கொங்கில் மேட்டாங்காட்டு வரப்பைப் 'பொழி' என்போம்.

அப்பாரு (தாத்தா) காலத்தில் எங்கள் காட்டுப் பொழிமேல் ஆள் தாராளமாக நடந்து போகலாம். பக்கத்துக் காட்டுக்காரர் உழவு ஓட்டும்போதெல்லாம் விரற்கடை விரற்கடையாகச் செதுக்கி, எனக்கு விவரம் தெரிந்தபோது ஒரு சாண்தான் மிச்சம். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், பொழிக்கு இந்தப் பக்கம் புதுசாகக் கிளுவைக் குச்சி வரிசையாக நட்டிருந்தது. அப்பா அன்றைக்குத்தான் வாய் திறந்தார்: "பொழியச் செதுக்குனீங்க, பொறுத்துட்டோம். வேலியவே தள்ளி நட்டா எப்படிங்க?"

அந்த இரண்டுக்கும் இரண்டு சொல். உழவோடு வந்து செதுக்கிவிட்டுப் போனது அத்துமீறல். கிளுவை நட்டு நிலத்தைப் பிடித்தது ஆக்கிரமிப்பு. பின்னது வடமொழி, 'கிரம' என்ற வேரில் அடிவைத்தல் இருக்கிறது. அடி வைத்தவர் திரும்பிப் போனாரா, அங்கேயே நின்றுவிட்டாரா என்பதைப் பொறுத்து வழக்கே மாறுகிறது. உள்ளே வராமல் தடுக்க நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது நீதிமன்றத் தடை உத்தரவு போதும். நிலமே எதிராளி கையில் இருந்தால் சுவாதீனத்தை, அதாவது நிலத்தின் கைவசத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். உரிமையையே அவர் மறுத்தால் நிலம் நம்முடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகைப் பரிகாரமும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் உரிமைக்கு எதிராக அவர் நிலத்தை வைத்திருக்கும் எதிரிடை அனுபோகம் 12 ஆண்டைத் தாண்டிவிட்டால் பட்டாவைக் காட்டி மீட்க முடியாது. மனுவில் எல்லாவற்றையும் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

போலீஸ் வழக்கென்றால் 'குற்றமுறு அத்துமீறல்'. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 329-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ நுழைந்ததாகக் காட்ட வேண்டும். வழிதவறி வந்த எருமையை ஓட்டிப்போக உள்ளே வந்தவர்மேல் இது நிற்காது.