கால் லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ காரம்

போன வருடம் முதலாமாண்டு பி.எஸ்சி. வகுப்பில் ஒரு சின்னக் கணக்கு கொடுத்தேன். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசல் 250 மில்லி வேண்டும், எத்தனை கிராம் எடுத்துக் கரைப்பீர்கள்? திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து வரும் மாணவி முதல் ஆளாக நோட்டை நீட்டினாள். விடை 1000 கிராம்.

"ஏம்மா, கால் லிட்டர் தண்ணியில ஒரு கிலோவா?"

"ஃபார்முலாவுல போட்டேன் சார், அப்படித்தான் வருது."

ஃபார்முலா சரிதான்: மோலார் அளவு, மோலார் நிறை (ஒரு மோலின் எடை, இங்கே 40 கிராம்), லிட்டர் மூன்றையும் பெருக்க வேண்டும். 250 மில்லியை 0.25 லிட்டராக மாற்ற மறந்துவிட்டாள். மாற்றிப் பெருக்கினால் 1 கிராம் வரும். அலகை மறப்பது யாருக்கும் நடக்கும், கரும்பலகையில் நானே மறந்திருக்கிறேன். ஆனால் ஒரு கிலோ என்று எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லையே என்பதுதான் என் கவலை.

சேர்க்கைக்கு வரும் பெற்றோர் எல்லோரும் கேட்பது இங்கிலீஷைப் பற்றித்தான். "தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளை சார், கெமிஸ்ட்ரி தாங்குமா?" தாங்கும். பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருந்து, முதல் பாடத்தைக் கல்லூரிப் புத்தகத்தோடு சேர்த்துப் படித்தால் இரண்டு மாதத்தில் பழகிவிடும். பழகாமல் நிற்பது மோல்தான். அது ஒரு எண்ணிக்கை என்று யோசிக்காமலேயே, எடையை மோலார் நிறையால் வகுக்கப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

நெல் தெரிந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் ஒரு ரகத்தைப் பற்றிப் பேசினால் ஆயிரம் மணி எடை என்று ஒன்று சொல்வார்கள். சன்ன ரகமான ஆந்திரா பொன்னியில் அது ஏறக்குறைய 15 கிராம், குண்டு ரகமான சி.ஆர். 1009-இல் 23 கிராம் பக்கம். எண்ணிக்கை ஒன்றுதான், எடை வேறு. உட்கார்ந்து மணியை எண்ண முடியாததால் நிறுத்துப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்கிறோம். 12 கிராம் கார்பனிலும் 23 கிராம் சோடியத்திலும் ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் இருப்பதும் இதே கதைதான். இங்கே ஆயிரத்துக்குப் பதில் 6.022 × 10²³, அந்த எண்ணிக்கைதான் ஒரு மோல். அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். முன்பு 12 கிராம் கார்பன்-12-ஐ வைத்து மோலை வரையறுத்தார்கள், 2019 மே 20 முதல் அந்த எண்ணையே நிலையாக வைத்து வரையறுக்கிறார்கள்.

அந்த மாணவியிடம் பிறகு யூரியாவைப் பற்றிக் கேட்டேன். மூட்டை 45 கிலோ, தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம். ஒரு ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து போட வேண்டுமென்றால் எத்தனை மூட்டை? பேனாவைத் தொடவில்லை. "ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி சார்." சரியான விடை. சரி, அந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியாவின் மோலார் நிறை 60, அதில் நைட்ரஜன் அணு இரண்டு, ஒன்றுக்கு 14, ஆக 28. வகுத்தால் 46.7. மூட்டையில் அச்சடித்திருப்பது பொது வேதியியலின் முதல் பாடம் என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

இதைவிட நல்ல பாடம் ஜிங்க் சல்பேட் பாக்கெட்டில் இருக்கிறது. உரக்கடையில் துத்தநாகம் (ஜிங்க்) 21 சதவீதம், 33 சதவீதம் என்று இரண்டு வகை கிடைக்கும். இரண்டிலும் உப்பு ஒன்றுதான், கூட இருக்கும் தண்ணீர்தான் வேறு. முதலாவதில் ஒரு மூலக்கூறு உப்போடு ஏழு தண்ணீர், இரண்டாவதில் ஒன்றே ஒன்று. எனவே முதல் வகையில் 25 கிலோ கொடுக்கும் துத்தநாகத்தை இரண்டாவதில் 16 கிலோவே கொடுத்துவிடும். இது புரிந்த பிள்ளை, ஆய்வகத்தில் ஆக்சாலிக் அமிலப் படிகத்துக்கு மோலார் நிறையாக 90-ஐப் போடாமல் 126-ஐப் போடும். படிகத்துக்குள் இரண்டு தண்ணீர் உட்கார்ந்திருக்கிறதே!

ஆய்வகம் என்றதும் ஒன்று. ஐப்பசி அடைமழையில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லையைத் தாளில் வைத்து நிறுத்துப் பாருங்கள். தராசின் எண் நிற்காது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, கண்ணெதிரிலேயே வில்லை வியர்த்துப் பளபளக்கும். எடுத்தது 1 கிராம் என்றாலும் அத்தனையும் காரம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் கரைசலை ஆக்சாலிக் அமிலத்தோடு தரம்பார்க்கச் சொல்கிறோம், அதாவது செறிவு தெரிந்த அமிலம் எவ்வளவு காரத்தோடு சரியாகிறது என்று அளந்து உண்மையான செறிவைக் கண்டுபிடிக்க. காரணம் தெரியாமல் செய்தால் தரம்பார்த்தல் வெறும் சடங்காகிவிடும். 19.8, 19.8, 19.8 மில்லி என்று மூன்று தடவை அளந்த அளவுகளும் அச்சுப் போல வரும் ரெக்கார்டுகளைப் பார்க்கும்போதே தெரியும், பக்கத்து மேஜையிலிருந்து வந்தது என்று.

திரவத்தை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள். சீனியர்கள் செய்கிறார்கள் என்பார்கள், சில இடங்களில் ஆசிரியர்களே செய்து காட்டுவார்கள். ரப்பர் பல்ப் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கித் தரச் சொல்லுங்கள். காரம் வாயில் பட்டால் எரிச்சலோடு போகாது, தோலை அரித்துவிடும். அடர் கந்தக அமிலத்தைத் தண்ணீரில்தான் மெதுவாக ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் சூட்டில் தெறிக்கும். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள்.

பாஸ் பண்ண வழி கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள், விடை வந்ததும் அதைக் கையில் ஏந்துவதாக நினைத்துப் பாருங்கள். கைப்பிடி அளவா, மூட்டையா?

இரண்டாம் பருவத்தில் அந்த மாணவி வந்து சொன்னாள்: "அப்பா 33 சதவீத ஜிங்க் வாங்கியிருந்தாங்க சார். 25 கிலோ வேண்டாம், பதினாறு போதும்னேன்." அப்பா கேட்டாரா என்றேன். உரக்கடைக்காரரிடம் போய் விசாரித்துவிட்டு வந்து பதினாறு போட்டாராம்.